வாசகர் கேள்வி பதில்: தன்னுடல் தாக்கு நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்கு

முடக்கு வாதம், லூபஸ், முதுகுத்தண்டு அழற்சி, குடல் அழற்சி என்று நோயின் பெயர்கள் வேறு வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குவதுதான் எல்லாவற்றுக்கும் பொது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்கள் எழுதியவை. அதனால் பதில்களும் அவர்களை நோக்கியே. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. கீழே இருப்பது வீட்டில் செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: அம்மாவுக்கு முடக்கு வாதம். நோயை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒருநாள், ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் வேறொரு நாள். அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது. ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் சேர்த்துக் கொடுக்கலாமா?

சேர்த்துக் கொடுக்கவே கூடாது. குறித்த கிழமையிலிருந்து 2 நாளுக்குள் நினைவு வந்தால் அந்த வாரத்து அளவைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் பழைய கிழமைக்கே திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிடலாம். ஒரு வாரம் தவறுவதால் பெரிய கெடுதல் வராது.

இந்த மருந்தில் உண்மையான ஆபத்து மறதி அல்ல. வார மாத்திரையைத் தினமும் விழுங்கிவிடுவது. இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் மெத்தோட்ரெக்ஸேட் முதலில் தாக்கும். வாரம் ஒருமுறை என்றால் அவை தேறிக்கொள்ள இடைவெளி கிடைக்கிறது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையும் வாய், குடல் உட்சவ்வும் தேற நேரமே இல்லை. தவறு பெரும்பாலும் எளிய காரணங்களால் நடக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் ஆசிடும் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரையாக வருவதுண்டு. 2.5 மி.கி. மாத்திரை நான்கு போட்டுப் பழகியவருக்கு அடுத்த முறை 10 மி.கி. மாத்திரை வந்தால், அதிலும் நான்கு போட்டுவிடுவார்.

ஆகவே எப்போதும் ஒரே மி.கி. மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். கிழமையின் பெயரை அட்டையிலேயே பேனாவால் முழுசாக எழுதுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் அட்டை அம்மா கைக்கு எட்டும் டப்பாவில் இருக்கவே வேண்டாம். அந்தக் கிழமை வந்ததும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். தவறுதலாகத் தினமும் போட்டுவிட்டது தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முறிவு மருந்தாக ஃபோலினிக் ஆசிட் கொடுப்பார்கள். வீட்டில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் அந்த வேலையைச் செய்யாது. நேரம் போகப் போக முறிவு மருந்தின் பலனும் குறையும்.

இன்னும் ஒன்று. சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு மருத்துவரிடம் போனால், மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த மருந்துகள் இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கும். வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சிரைப்பு, காரணம் தெரியாத ரத்தக்கட்டு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கணவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயாலஜிக் ஊசி (எதிர்ப்பு சக்தியை அடக்கும் புரத மருந்து). லேசான காய்ச்சல் இருந்தால் ஊசி போடலாமா? ஊசியை ஃபிரிட்ஜில் எங்கே வைப்பது?

காய்ச்சலோ, ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும் தொற்றோ இருக்கும்போது ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைக் கேட்பதுதான் முறை. சில நாள் தள்ளிப்போவதால் நோய் உடனே பாய்ந்து வராது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டுவிட்டால் ‘காலையில் பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவரிடம் பெரிய தொற்றுகூடச் சின்னதாகத்தான் முகம் காட்டும். டோசிலிசுமாப் போன்ற ஊசிகளில் காய்ச்சலும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் ஏறாமலே தொற்று முற்றலாம். அவர் சோர்ந்து, குழம்பிப் பேசினால் தெர்மாமீட்டரை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கிச் சூடேறி, அசைக்கவே முடியாமல் போனால் அதைப் பழைய வாதம் என்று எழுதிவிடாதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அது மணிக்கணக்கில் மூட்டை அரிக்கும். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், கணவருக்கு இன்னும் எதுவும் வராவிட்டாலும் அன்றே தகவல் சொல்லுங்கள்.

ஊசியின் இடம் 2 முதல் 8 டிகிரி. கதவுத் தட்டில் வெப்பம் ஏறி இறங்கும். உறைபெட்டியை ஒட்டிய இடத்தில் உறைந்துபோகும். நடுத்தட்டுதான் சரி. ஒருமுறை உறைந்த ஊசி உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் போடக்கூடாது, மருந்தின் புரதம் சிதைந்திருக்கும். போடுவதற்கு அரை மணி முன் வெளியே எடுத்து, தானாகக் குளிர் விட வையுங்கள். வெந்நீரில் முக்குவது, குலுக்குவது இரண்டும் வேண்டாம். தொடையிலும் வயிற்றிலும் மாற்றி மாற்றிப் போடுங்கள், தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டு.

கேள்வி: தம்பிக்கு ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல் என்று வந்திருக்கிறது. அப்படியும் வலிக்கிறது என்கிறான். நம்புவதா வேண்டாமா?

நம்புங்கள். முடக்கு வாதத்திலும் முதுகுத்தண்டு அழற்சியிலும் ரத்தம் நார்மலாக இருந்துகொண்டே மூட்டு எரிவது வழக்கமான ஒன்று. லூபஸில் நோய் முழுவீச்சில் இருக்கும்போதும் சி.ஆர்.பி. பெரும்பாலும் ஏறாது. ஈ.எஸ்.ஆர். ரத்தசோகையிலும் வயதிலும் தானாகவே கூடும். நோய் அடங்கிய பின்னும் இறங்க வாரங்கள் எடுக்கும். சோதனைத் தாளில் மனிதரைத் தேடக்கூடாது.

அழற்சி இல்லாத வலியும் உண்டு. பழைய அழற்சி விட்டுப்போன மூட்டுத் தேய்மானம் ஒன்று, உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா இன்னொன்று. அவற்றுக்கு அழற்சி மருந்தைக் கூட்டிப் பயனில்லை. இதைப் பிரித்தறிய மருத்துவருக்கு உதவுவது உங்கள் நோட்டுதான். காலை எழுந்ததும் விறைப்பு விட எத்தனை நிமிடம் ஆகிறது, இரவில் வலியால் விழிக்கிறானா, நடமாடினால் குறைகிறதா கூடுகிறதா, வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை என்று எழுதிவையுங்கள். விறைப்பு அரை மணியைத் தாண்டி, ஓய்வில் மோசமாகி, அசைந்தால் தணிந்தால் அது அழற்சியின் குணம். வீக்கம் மருத்துவரைச் சந்திக்கும் நாளுக்குள் வடிந்துபோகும். வீங்கும்போதே இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மனைவிக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஆறு மாதமாக ஓடுகிறது. முகம் உப்பிவிட்டது, நிறுத்தப்போகிறேன் என்கிறார். வலியும் இல்லை. நிறுத்தினால் என்ன?

1948-இல் மேயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹெஞ்ச் முடக்கு வாதத்துக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்த முதல் நோயாளி சில நாளில் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசே வந்தது. உப்பிய முகமும் மெலிந்த எலும்பும் அதன் பின்னால் தெரிய வந்தன. இன்றைக்கும் இந்த மருந்தின் கதை அதுதான், வேகமாகக் கொடுத்து மெதுவாகப் பிடுங்கும். மனைவியின் கோபம் நியாயமானது. நிறுத்தும் முறைதான் கேள்வி.

மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு ஓடினால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், உடம்புக்கு அத்தியாவசியமான கார்டிசால் இரண்டு பக்கமும் இல்லை. தலைசுற்றல், வாந்தி, வயிற்றுவலி, எழுந்திருக்க முடியாத அசதி, ரத்த அழுத்தம் சரிவு என்று வரும், உயிருக்கே ஆபத்து. அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறார்கள். மேல் அளவில் இறக்கம் வேகமாக இருக்கும். 7.5 மி.கி.க்குக் கீழே வந்ததும் மாதம் 1 மி.கி. என்று நத்தை நடைதான், ஏனென்றால் சுரப்பி எழ வேண்டிய இடம் அது. ஒவ்வொரு படியிலும் இரண்டொரு நாள் உடம்பு உளைவது சகஜம். மூட்டு வீங்கி விறைப்பு நீண்டால்தான் நோய் திரும்புகிறது என்று அர்த்தம்.

காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை இப்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி மாத்திரை டப்பாவில் ஒட்டுங்கள். விழுங்கி ஒரு மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுங்கள். அதுவும் தங்காவிட்டால் ஹைட்ரோகார்டிசோன் ஊசிக்காக அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். ‘ஸ்டீராய்டு எடுப்பவர்’ என்ற சீட்டு அவர் பையில் எப்போதும் இருக்கட்டும்.

மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பின் மொத்தமாகக் கொடுத்தால் தூக்கம் கெடுவது குறையும். சர்க்கரையை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காலை ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுவது மதியத்துக்குப் பின். 2.5 மி.கி.க்குக் குறையாமல் மூன்று மாதம் தாண்டும் எவருக்கும் எலும்பின் நிலையைக் கணக்கிட வேண்டும். இதுவரை செய்யவில்லை என்றால் கேளுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு எந்நேரமும் அசதி. எல்லா வேலையையும் நாங்களே செய்துவிடுகிறோம். இன்னும் என்ன செய்யலாம்?

கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்! எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் தசை கரையும், தன்மானமும் கூட. தேறிய நாளில் நான்கு நாள் வேலையைச் செய்துவிட்டு மூன்று நாள் படுக்கையில் விழுவதுதான் இந்த நோயில் வழக்கமான பள்ளம். நல்ல நாளிலும் நடுவில் நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்லுங்கள், களைத்த பிறகு அல்ல. அவர் எதைச் செய்ய விரும்புகிறார் என்று கேட்டு அதை அவரிடமே விடுங்கள். ‘பார்க்க நல்லாத்தானே இருக்கே’ என்ற வாக்கியத்தை வீட்டில் தடைசெய்யுங்கள்.

அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு என்று திருத்தக்கூடிய காரணங்கள் ஒளிந்திருக்கும். ஒருமுறையாவது தேடச் சொல்லுங்கள். சூடாக வீங்கிய மூட்டுக்குக் குளிர் ஒத்தடம், வெறும் விறைப்புக்கு வெந்நீர். எழுப்பிவிடும்போது கைவிரலைப் பிடித்து இழுக்காமல் முழங்கைக்குக் கீழே தாங்குங்கள். பல வருஷ முடக்கு வாதம் என்றால் கழுத்தைச் சொடுக்கெடுக்க யாரையும் விடாதீர்கள். மேல் கழுத்தெலும்பு தளர்ந்திருந்தால் தண்டுவடம் நசுங்கும். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி கொடுக்கலாமா?

வேண்டாம். இங்கே எதிர்ப்பு சக்தி குறைவாக இல்லை, தவறான ஆளை அடிக்கிறது. சேர்மானம் எழுதாத பொடி சாப்பிட்டு வலி இரண்டே நாளில் மறைந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது.

கேள்வி: மகளுக்கு லூபஸ். குழந்தைக்குத் திட்டமிடுகிறார்கள். மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிடச் சொல்லலாமா?

எல்லாவற்றையும் அல்ல. லூபஸை அடக்கிவைக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்பம் முழுக்கத் தொடர வேண்டும்; நிறுத்தினால் நோய் எழும், அது குழந்தைக்கும் கெடுதல். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோபினோலேட்டைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னாலேயே மாற்றியாக வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டும் கூடாது, எத்தனை மாதம் முன் என்பதை மருத்துவர் சொல்வார். மாற்று மருந்தில் நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பிறகு கருத்தரிப்பது பாதுகாப்பு, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் கட்டாயம்.

அதற்கு முன் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரில் புரதம். ரத்தம் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி, இருந்தால் ஆஸ்பிரினும் ஹெபாரினும் தேவைப்படலாம். ஆன்டி-ரோ ஆன்டிபாடி, இருந்தால் கருவின் இதயத்துடிப்பை நான்காம் மாதத்திலிருந்து ஸ்கேனில் கவனிப்பார்கள். கர்ப்பத்தில் நுரைத்த சிறுநீர், கால்வீக்கம், ஏறும் ரத்த அழுத்தம் வந்தால் அது கர்ப்பக் கோளாறா லூபஸா என்று இரண்டு மருத்துவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

மருமகனுக்கும் ஒரு வரி. அவர் குடல் அழற்சிக்கோ வாதத்துக்கோ சல்ஃபாசலசீன் எடுப்பவராக இருந்தால் விந்தணு எண்ணிக்கை குறைந்திருக்கலாம். மருத்துவரைக் கேட்டு மருந்தை மாற்றினால் இரண்டு மூன்று மாதத்தில் அது சரியாகிவிடும்.