லேப்டாப் சார்ஜரைச் சொருகினால் ரெக்கார்டிங்கில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வருவது ஏன்?

முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். இரைச்சல் நின்றால் மைக் மேல் பழி போட வேண்டாம். பெரும்பாலும் அது கிரவுண்ட் லூப்தான். லேப்டாப்பும் அதோடு இணைத்த ஆடியோ மிக்சரும் வெவ்வேறு பிளக்கில் எர்த் ஆகும்போது, இரண்டு எர்த்துக்கும் உள்ள சிறு மின்னழுத்த வேறுபாட்டால் ஆடியோ கேபிளின் ஷீல்டில் (உள்கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறையில்) மின்சாரம் ஓடும். அதுதான் 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் முனகுகிறது.

எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள். இரு கருவிகளிலும் பேலன்ஸ்டு வசதி இருந்தால் டிஆர்எஸ் கேபிள் (பிளக்கில் மூன்று தொடர்புப் பகுதிகள் உள்ளது) போடுங்கள். அதில் சிக்னல் நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொன்றிலும் போகும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது, இரண்டிலும் சமமாக ஒட்டிய இரைச்சல் அடிபட்டுவிடும். எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

'ஸ்ஸ்' என்ற சீறல் வேறு கதை: மைக்கை வாயருகே கொண்டுவந்து கெயினை (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை) குறையுங்கள்.