ராத்திரி நிலநடுக்கப் பயிற்சி: பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடலாமா?

கேள்வி: எங்கள் சபையின் வாலிபர் குழுவில் 13 முதல் 17 வயது வரை 28 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓர் இரவு முழுவதும் ஆலய மண்டபத்தில் தங்கவைத்து, நிலநடுக்கம் வந்தால் எப்படி இருக்கும் என்பதை அனுபவமாகக் காட்டத் திட்டமிட்டிருக்கிறோம். முன்கூட்டியே சொன்னால் விளையாட்டாகிவிடும், நடு ராத்திரியில் திடீரென்று சைரன் அடித்து விளக்கை அணைத்தால்தான் நிஜம் போல இருக்கும் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். புகை, சத்தம், ரத்தக் காயம் போல ஒப்பனை, கடைசியில் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்து தருவதாக ஒரு நிகழ்ச்சி நிறுவனமும் வந்திருக்கிறது. பெற்றோரிடம் ஒப்புதல் படிவம் வாங்கியாயிற்று. யாராவது பயந்துபோய் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

பதில்: சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடம், பெற்றோரிடம், மண்டபத்துக்கு அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களிடம், எல்லோரிடமும். எந்த இரவு, எத்தனை மணிக்கு ஆரம்பம், எப்போது முடிவு, நடுவில் என்னென்ன நடக்கும் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். பயந்து மயங்குவது பற்றிய உங்கள் கவலையில் முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும்.

திடீரென்று செய்தால்தான் பாடம் மனதில் பதியும் என்பது பயிற்சி நடத்திப் பழகாதவர்கள் சொல்லும் பேச்சு. ஜப்பானில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 1 அன்று நாடு முழுக்கப் பேரிடர்ப் பயிற்சி நடக்கிறது. 1923ல் டோக்கியோவையும் யோகோஹாமாவையும் தரைமட்டமாக்கிய பெரும் நிலநடுக்கம் வந்த தேதி அது. பயிற்சி அன்றுதான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கலிஃபோர்னியாவில் 2008ல் தொடங்கிய 'ஷேக்அவுட்' நிலநடுக்கப் பயிற்சியும் நாளும் நேரமும் அறிவித்துத்தான் நடக்கிறது. 2011 மார்ச் 11 சுனாமியின்போது ஜப்பானின் கமைஷி நகரத்தில் பள்ளியில் இருந்த பிள்ளைகள் உயிர் பிழைத்தது எப்படி? நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஓட ஆரம்பித்ததைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியும் கிளம்பியது. பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் போய் நின்ற இடம் போதாது என்று பட்டதும் இன்னும் மேட்டுக்கு ஏறினார்கள். ஆண்டுக்கணக்கில் பகல் வெளிச்சத்தில், சொல்லிச் சொல்லிப் பழக்கிய பயிற்சி அது. யாரும் அவர்களை ராத்திரியில் சைரன் அடித்து அலறவைக்கவில்லை.

பயந்துபோன பிள்ளையின் மூளை எதையும் கற்றுக்கொள்ளாது, தப்பிக்க மட்டும்தான் பார்க்கும். இருட்டில் 28 பேர் தப்பிக்கப் பார்த்தால் கால் சுளுக்கும், பல் உடையும். நிலநடுக்கத்தில் செய்ய வேண்டியதோ எளிய விஷயம்: தரையில் மண்டியிடு, உறுதியான மேசைக்கு அடியில் புகு, மேசைக் காலை இறுகப் பிடித்துக்கொள். விளக்கு எரியும்போது நாலு தடவை செய்து பார்க்கட்டும். அப்புறம், "இப்போது விளக்கை அணைக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு அணைத்து, அதையே செய்யச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

பயிற்சி என்பது வெளியே தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாயைப் பாருங்கள். 2018 ஜனவரி 13 காலையில், அவசரநிலை அலுவலகத்தின் உள் பயிற்சி ஒன்று குழம்பி, ஏவுகணை வருகிறது என்ற எச்சரிக்கை மாநிலம் முழுக்க எல்லோருடைய கைபேசிக்கும் போய்விட்டது. அது தவறு என்று திருத்தச் செய்தி வர 38 நிமிடம் ஆனது. அந்தப் பயிற்சிக்காக ஊழியர்களுக்குப் போட்டுக் கேட்கவைத்த பதிவின் முன்னும் பின்னும் 'பயிற்சி' என்று சொல்லப்பட்டிருந்தது. ஆனால் நடுவில் 'இது பயிற்சி அல்ல' என்ற வாசகமும் இருந்தது! உங்கள் மண்டபத்திலும் இதன் சின்ன வடிவம் நடக்கலாம். ஒப்பனை ரத்தத்தோடு ஒரு பிள்ளையின் படம் குடும்பக் குழுவுக்குப் போனால், பாட்டி மருத்துவமனை மருத்துவமனையாகத் தேட ஆரம்பித்துவிடுவார். ஆகவே அறிவிப்பு எதுவானாலும் 'பயிற்சி' என்ற சொல்லில் தொடங்கி அதிலேயே முடியட்டும். உண்மையாகவே யாருக்காவது அடிபட்டால் சொல்ல வேறொரு சொல் வேண்டும். பிரிட்டிஷ் ராணுவத்தில் பயிற்சி நடுவே நிஜமாக ஒருவர் காயப்பட்டால் ரேடியோவில் 'நோ டஃப்' என்பார்கள். கேட்டவுடன் நாடகம் நின்றுவிடும். நீங்களும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, பிள்ளைகளில் யார் சொன்னாலும் விளக்கு உடனே எரியும் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். சும்மா பயமாக இருக்கிறது என்பதற்காகச் சொன்னாலும் சரிதான், யாரும் கேலி செய்யக் கூடாது.

அதையும் மீறி ஒருவர் மயங்கினால் தட்டையாகப் படுக்கவைத்து, காலைச் சற்றுத் தூக்கி வையுங்கள், சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள். சாதாரண மயக்கம் ஒரு நிமிடத்துக்குள் தெளியும். தெளியவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், சபை மூப்பரைக் கூப்பிட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

இப்போது அந்த நிறுவனத்துக்கு வருகிறேன், எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். புகை இயந்திரம் கொண்டுவருவதாகச் சொல்கிறார்களே, அந்தப் புகை மண்டபத்தில் இருக்கும் புகை உணரியை அலறவைக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் முதல் வேலையாக உணரியைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவார்கள், அல்லது இணைப்பையே துண்டிப்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உறை அப்படியே இருக்கும். அதன் கீழே 28 பிள்ளைகள் விடிய விடியத் தூங்குவார்கள். பேரிடரை நடித்துக் காட்டப் போய் நிஜப் பேரிடருக்குக் கதவைத் திறந்துவைப்பது என்றால் இதுதான். இழுப்பு நோய் (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு அந்தப் புகையே போதும், தனியாக எதுவும் வேண்டாம். புகை கிடையாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள்.

இவர்களில் சிலர் 'உயிர் முக்கோணம்' என்று ஒன்றையும் கற்றுத்தருவார்கள். மேசைக்கு அடியில் போகாதே, பெரிய பொருளின் பக்கத்தில் சுருண்டு படு, இடிந்து விழும்போது அங்கே ஒரு முக்கோண இடைவெளி கிடைக்கும் என்பது அதன் சாரம். மின்னஞ்சலில் சுற்றிச் சுற்றி வந்த பழைய சரக்கு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் உட்பட இந்தத் துறையில் பொறுப்பாக இருப்பவர்கள் இதை ஏற்கவில்லை. குலுங்கும்போது பலருக்கும் காயம் வருவது மேலிருந்து விழும் பொருள்களாலும் அங்குமிங்கும் ஓடுவதாலும்தான். இதைச் சொல்லித்தருபவர் எத்தனை சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சான்றிதழ் என்றதும் ஞாபகம் வருகிறது: ஒரே இரவில் ஒரு பிள்ளைக்குத் தரும் 'பேரிடர் மீட்பு வீரர்' சான்றிதழுக்கு, அச்சடித்த காகிதத்தின் விலைக்கு மேல் மதிப்பு இல்லை. அந்தப் பணத்தில் முறையான முதலுதவி வகுப்புக்கு நாலு பெரியவர்களை அனுப்பலாம்.

ஒப்புதல் படிவம் வாங்கியாயிற்று என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கெடுக்கிறேன். பெற்றோர் போட்ட கையெழுத்து உங்கள் கவனக்குறைவை அழிக்கும் ரப்பர் அல்ல. பிள்ளைக்கு என்ன மருந்து, என்ன ஒவ்வாமை, ராத்திரி மூன்று மணிக்கு யாரைக் கூப்பிட்டால் எடுப்பார்கள் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் படிவம். எங்கிருந்தோ எடுத்த படிவத்தில் ஒன்பது பத்தி 'பொறுப்பல்ல, பொறுப்பல்ல' என்று இருக்கும், மருந்துக்கு ஒரு வரிகூட இருக்காது. உங்களுடையதை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் 'மண்டபத்தில் சிறுவர்கள் இரவு தங்கலாமா' என்று தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூட்டம் நடத்தக் கட்டிய மண்டபமும் தூங்குவதற்கான இடமும் அவர்கள் கணக்கில் ஒன்றல்ல. சபைச் செயற்குழுக்களைப் பற்றி என்ன சொல்ல! பனியனில் என்ன வாசகம் அச்சடிப்பது என்று மூன்று கூட்டம் போடுவார்கள். பின்கதவுச் சாவி ராத்திரி யாரிடம் இருக்கும் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆட்கள் உள்ளே தூங்கும்போது வெளியேறும் கதவு எதுவும் பூட்டியிருக்கக் கூடாது, சாவி தேடாமல் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இரவுகளில் கைபேசிகளை ஆரம்பத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், தொலைத்தொடர்பு அறுந்துபோன அனுபவம் கிடைக்கட்டும் என்று. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் யோசிப்பதில்லை. சர்க்கரை நோய் உள்ள பிள்ளை கையிலோ வயிற்றிலோ ஓர் உணரியை ஒட்டியிருக்கலாம். ரத்தச் சர்க்கரை அளவை அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை பல பிள்ளைகளுக்குக் கைபேசிக்குத்தான் அனுப்பும். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் அலறுவதும் கைபேசிதான், வீட்டில் அம்மாவுக்குத் தகவல் சொல்வதும் அதுதான். அதைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டு அடுத்த அறையில் வைத்தீர்களென்றால், அலறல் யாருக்கும் கேட்காது. அதே ராத்திரியில் 'நிவாரண முகாம் ரேஷன்' என்று சாப்பாட்டைப் பாதியாக்குகிறீர்கள், தண்ணீர் வாளி தூக்கி ஓடவைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்சுலின் போட்ட பிள்ளைக்குச் சாப்பாடு குறைந்து ஓட்டம் கூடினால் சர்க்கரை மடமடவென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், சம்பந்தமில்லாமல் பேசும். சுற்றியிருப்பவர்கள் 'நன்றாக நடிக்கிறான்' என்று கைதட்டுவார்கள்! ஆகவே அந்தப் பிள்ளையின் கைபேசி அதன் பக்கத்திலேயே, சத்தத்தோடு, சார்ஜரோடு இருக்கட்டும். சாப்பாடு முழு அளவு. இனிப்புப் பானமோ குளுக்கோஸோ கைக்கெட்டும் தூரத்தில். இரவில் விழித்திருக்கும் பெரியவருக்கு அந்த அலறல் எப்படி ஒலிக்கும் என்று முன்பே கேட்கவைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் முன்னால் 'உனக்கு மட்டும் சலுகை' என்று அந்தப் பிள்ளையை வேறாக நிறுத்தவும் வேண்டாம். 'முகாமின் தகவல் தொடர்பாளர்' என்று ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள், கைபேசி இருப்பதற்குக் காரணமும் ஆயிற்று. மற்ற 27 பேரின் கைபேசியைத் தாராளமாக வாங்கி வையுங்கள்.

பெட்ரோல் ஜெனரேட்டர் வேண்டுமென்றால் கட்டடத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, ஜன்னல் பக்கம் புகை வராதபடி வெளியே வையுங்கள். தாழ்வாரமும் வெளியே என்று கணக்கில் வராது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், பேட்டரி விளக்கு போதும். இரண்டு பெரியவர்களாவது மாற்றி மாற்றி விழித்திருக்கட்டும், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது.

சரி, பயமுறுத்தாமல் ராத்திரியை எப்படி நிரப்புவது? தரையில் நாடா ஒட்டி ஒரு பிள்ளைக்கு மூன்றரைச் சதுர மீட்டர் இடம் பிரித்துக் கொடுங்கள். நிவாரண முகாம்களில் ஒருவருக்கு அதுதான் குறைந்தபட்சம் என்று 'ஸ்ஃபியர்' என்ற சர்வதேச மனிதநேய அளவுகோல் சொல்கிறது. அந்த நாடாவுக்குள் பையை வைத்து, பாயை விரித்து, உடை மாற்ற மறைவிடமும் தேடிப் பார்க்கட்டும். அப்புறம் தண்ணீர். அதே அளவுகோலின்படி குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். 28 பேருக்கு 420 லிட்டர், அதாவது 420 கிலோ எடை. அத்தனையையும் தூக்கச் சொல்ல வேண்டாம், நாலைந்து வாளி தூக்கினாலே கணக்கு புரிந்துவிடும். காணாமல்போனவர் பதிவேடு எழுதுவது, பிரிந்த 'குடும்பத்தை'த் தேடிச் சேர்ப்பது, ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஏற்படும் குழப்பம் இவையெல்லாம் பிள்ளைகள் ஆர்வமாகச் செய்வார்கள். 'உன் அம்மா இறந்துவிட்டார்' போன்ற காட்சியை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள்.

ஜெபமும் தியானமும் எப்போது என்பது போதகரின் விஷயம், அதில் நான் தலையிட முடியாது. இருந்தாலும், இருட்டில் நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், கடவுளுக்கு உன்னை அர்ப்பணிக்கிறாயா என்று கேட்பது நியாயமில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். காலையில், சாப்பிட்டுத் தெளிந்த பிறகு கேளுங்கள்.

தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது அவசியம். கடிதம் போட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் உங்கள் நிகழ்ச்சி முடிந்துவிடும். நேரில் போய், பணியில் இருக்கும் அதிகாரியிடம் தேதியையும் முகவரியையும் கொடுத்து, அவர் பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த இரவில் எனக்கு அதிகக் கவலை தருவது விடிந்த பிறகு வீட்டுக்குப் போகும் பயணம். ராத்திரி முழுக்க விழித்திருந்த வாலிபத் தலைவர் ஒருவர் வண்டி நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்கு ஓட்டுவார், 'எனக்குத் தூக்கமே வரவில்லை' என்று சொல்லிக்கொண்டே. விழித்திருந்தவர் யாரும் வண்டி எடுக்கக் கூடாது. பெற்றோரே வந்து கூட்டிப்போகட்டும். வர முடியாதவர்களின் பிள்ளைகளுக்கு, இரவு வீட்டில் நன்றாகத் தூங்கிய இரண்டு பேரை ஓட்டுநர்களாக இப்போதே பேசிவையுங்கள்.