மயக்க மருந்து கொடுத்ததும் மூளை அலைகள் மெதுவாகிவிடுகின்றனவே, அதற்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் தாலமஸ் என்ற பகுதிதான் காரணமா?

பாதி ஆம். மெதுவான அலையைத் தாலமஸ் தனியாக உண்டாக்குவதில்லை. ஆனால் அந்த அலையின் உருவத்திலும் வேகத்திலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

மூளையின் மின் அலைகளைத் திரையில் காட்டும் இ.இ.ஜி. பதிவைப் பார்ப்பது என் அன்றாட வேலை. புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஏறும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் இன்றும் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். கண் மூடி விழித்திருப்பவருக்குப் பின்மண்டையில் ஓடும் ஆல்ஃபா அலை மங்கிக்கொண்டே போகும். நினைவு தப்பியதும் அதே 8 முதல் 12 ஹெர்ட்ஸ் துடிப்பு நெற்றிப் பக்கம் வந்து நிற்கும். கூடவே, வினாடிக்கு ஒரு தடவைகூட முழுசாக ஏறி இறங்காத ஒரு பெரிய அலை.

இப்போது தாலமஸில் ஒரே ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். விழித்திருக்கும்போது அது வரும் செய்தியை உடனுக்குடன் மூளையின் வெளியடுக்கான புறணிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். மூளைச் செல்களை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்குப் புரோபோஃபால் வலுவூட்டுகிறது. மூளைத்தண்டிலிருந்து வரும் விழிப்புத் தூண்டுதலும் குறைகிறது. செல்லின் மின்னழுத்தம் கீழே இறங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அப்படி இறங்கினால்தான் டி-வகை கால்சியம் வாயில்கள் திறக்கத் தயாராகும். அப்புறம் அடக்கம் லேசாகத் தளர்ந்தாலே போதும், கால்சியம் உள்ளே பாய்ந்து, நாலைந்து துடிப்புகள் படபடவென்று ஒரே கொத்தாக வெடிக்கும். உடனே மௌனம். தாலமஸை மெல்லிய தோல்போலப் போர்த்தியிருக்கும் ரெட்டிகுலர் செல்கள் அந்தக் கொத்தால் தூண்டப்பட்டு, திரும்ப அடக்கும். அடக்கம் தளரும், மறுபடி கொத்து. செல் ஓய்ந்துவிடவில்லை, செய்தி கடத்துவதை விட்டுத் தாளம் போடத் தொடங்கிவிட்டது.

சரி, ஏன் பாதி ஆம்? மிர்சியா ஸ்டெரியாடே என்ற நரம்பியல் ஆய்வாளர் 1993இல் மயக்கத்திலிருந்த பூனைகளில் இந்த மெதுவான அலையை விவரித்தபோது, தாலமஸைப் பெருமளவு சிதைத்த பிறகும் புறணியில் அது தொடர்ந்தது. எனவே புறணிக்கு அந்தத் திறன் தானாகவே உண்டு. பின்னாளில் தாலமஸ் செல்களும் தாமே அப்படித் துடிக்கக்கூடியவை என்று தெரியவந்தது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஆடுகின்றன என்றே நான் புரிந்துகொள்கிறேன். கெட்டமைன் என்ற இன்னொரு மயக்க மருந்துக்கு இதை அப்படியே பொருத்த வேண்டாம், அதன் அலைகளே வேறு மாதிரி.

2020இல் வெளியான குரங்கு ஆய்வு ஒன்று இதில் முக்கியம். மயக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே, தாலமஸின் நடுப்பக்கத்துச் சிறு பகுதி ஒன்றை 50 ஹெர்ட்ஸ் வேகத்தில் தூண்டினார்கள். குரங்குகள் கண் திறந்தன, கை கால் அசைத்தன. தூண்டுவதை நிறுத்தியதும் மறுபடி மயங்கின.