வீட்டில் உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறோம், பிரவுசர் கேம்கள் சரியாக ஓடவில்லை. விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா?

திரும்ப வேண்டாம். பழைய டெஸ்க்டாப், எட்டாம் வகுப்புத் தமிழ் மீடியத்தில் படிக்கும் மகள், சில கேம்கள் திக்கித் திக்கி ஓடுகின்றன, சிலவற்றில் வெறும் கட்டம்தான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் உங்கள் ஊர்ப் பக்கம்தான், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள், பள்ளிக் கணினிக் கல்வியைக் கவனிக்கும் அரசு நிறுவனமான கைட் தரும் லினக்ஸில்தான் ஐடி படிக்கிறார்கள், பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வும் அதில்தான். அதுவும் உபுண்டுவை வைத்து உருவாக்கியதே. வீட்டிலும் அதே இருந்தால் பிள்ளைக்குக் கை பழகும். கேமுக்காக அதை எடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு வேறு கோளாறு.

முதலில் திக்குவது. லீசெஸ் தளத்தில் ஒரு செஸ் ஆட்டம் போட்டுப் பாருங்கள். அது நன்றாக ஓடி, கார் ரேஸ் மாதிரியானவை மட்டும் இழுத்தால் கோளாறு கிராபிக்ஸில்தான். அந்த கேம்கள் வெப்ஜிஎல் என்ற பிரவுசர் வசதி வழியாக கிராபிக்ஸ் சிப்பிடம் வேலை வாங்குபவை. பிரவுசருக்குச் சிப் கிடைக்காவிட்டால் படம் வரையும் வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும். உங்கள் கணினியில் அப்படித்தானா என்று பார்க்க, பயர்பாக்ஸில் ஹெல்ப் மெனுவுக்குள் 'மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்து, கிராபிக்ஸ் பகுதியில் வெப்ஜிஎல் 2 ரெண்டரர் வரியைப் படியுங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று சிப்பின் பெயர் இருந்தால் நல்லது. 'எல்எல்விஎம்பைப்' (llvmpipe) என்று இருந்தால் சிப் சும்மா கிடக்கிறது என்று அர்த்தம்.

அப்போது முதல் வேலை, சிஸ்டத்தை முழுதாக அப்டேட் செய்வது. இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கான மேசா டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) அதிலேயே வந்துவிடும். என்விடியா கார்டு என்றால் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, அது பரிந்துரைப்பதைப் போடுங்கள். குரோம் என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் ஆக்சலரேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். உபுண்டுவோடு வரும் பயர்பாக்ஸ், ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவம். அதற்குச் சிப் அகப்படாவிட்டால் பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே தரும் டெப் என்ற இன்னொரு தொகுப்பு வடிவத்தைப் போட்டுப் பார்க்கலாம். கணினி ரொம்பப் பழசாக இருந்து சிப்புக்கு வெப்ஜிஎல் 2 தெரியாது என்றால், புது கேம்கள் பலவும் விண்டோஸ் போட்டாலும் ஓடாது. இதை முன்பே தெரிந்துகொள்வது முக்கியம். இல்லாவிட்டால் ஒரு நாள் முழுக்க விண்டோஸ் ஏற்றிய பிறகும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

அடுத்து, வெறும் கட்டம். அவை பெரும்பாலும், அடோபியின் பிளாஷ் பிளேயர் என்ற பிளக்இன் இருந்தால் மட்டும் ஓடிய பழைய பிளாஷ் கேம்கள். 2020 டிசம்பர் 31 அன்று அடோபி பிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே பிளாஷ் கேம்களைத் தடுத்துவிட்டது. எல்லா சிஸ்டத்துக்கும் இதே கதி, லினக்ஸ் மேல் குற்றமில்லை. பிளாஷ் பிளேயருக்குப் பதிலாக அந்த கேம்களை ஓட்ட ரஃபிள் என்று ஓர் இலவச எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. பயர்பாக்ஸின் ஆட்-ஆன் பக்கத்திலேயே கிடைக்கும். போட்டுவிட்டுப் பக்கத்தை ரீலோட் செய்தால் பழைய கேம்களில் நிறைய உயிர் பெற்றுவிடும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற பிளாஷ் நிரல் மொழியில் எழுதியவற்றில் மட்டும் சில இன்னும் தகராறு செய்யும்.

யூனிட்டி வெப் பிளேயர், ஜாவா ஆப்லெட் கேட்கும் கேம்களை விட்டுவிடுங்கள். அந்த பிளக்இன்களை இன்றைய பயர்பாக்ஸோ குரோமோ எந்த சிஸ்டத்திலும் ஏற்றுக்கொள்வதில்லை.

ஒன்றை மட்டும் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். 'பிளாஷ் பிளேயரை இங்கே டவுன்லோட் செய்யுங்கள்' என்று எந்தத் தளம் கேட்டாலும் தொடக்கூடாது. அடோபியே தருவதை நிறுத்திவிட்ட பிறகு அந்தப் பெயரில் வருவதை நம்பவே முடியாது.

ரெண்டரர் வரியில் என்ன இருக்கிறது, கணினி எந்த வருடத்தது, ரேம் எவ்வளவு, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். எந்த டிரைவர் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.