பூச்சாடிக்கு அடியில் ஒளிரும் புழு: விஷமா?

கேள்வி: தெகிவளையில் இருக்கிறோம். இரண்டு நாள் மழைக்குப் பிறகு, கரண்ட் போயிருந்த நேரம், பின்வளவில் பூச்சாடிக்கு அடியில் ஒரு கறுத்தப் புழு வால் பக்கம் பச்சையாக ஒளிர்ந்தது. ஏழு வயது மகன் அதை ஜாம் போத்தலில் பிடித்து வைத்திருக்கிறான். விஷப் புழுவா? வெளிச்சம் எப்படி வருகிறது? எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பதில்: முதலில் போத்தல் மூடியைத் திறந்துவிடுங்கள். மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மின்மினியின் குடம்பி. மின்மினி வண்டு இனம். பறக்கும் பருவம் அதன் கடைசிக் கட்டம், அதற்கு முன் பல மாதங்கள் இப்படி நிலத்தில்தான் ஊர்ந்து திரியும். முதுகில் ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல் தட்டையான தகடுகள் இருக்கிறதா? தொட்டதும் தலையை உள்ளே இழுக்கிறதா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். மெதுவாகக் கவிழ்த்துப் பாருங்கள், வால் நுனிக்குச் சற்று முன்னால் இரண்டு சின்னப் பொட்டுகள் தெரியும். வெளிச்சம் அந்த இரண்டிலிருந்துதான். வெளிறிய நிறத்தில், விரல் நீளத்துக்கு இருந்தால் வளர்ந்த பெண்ணாகவும் இருக்கலாம். லாம்ப்ரிஜெரா என்று ஒரு பெரிய மின்மினி இலங்கையில் உண்டு. அதன் பெண்ணுக்குக் கடைசிவரை இறக்கை முளைக்காது, ஆண்தான் பறந்து தேடி வரவேண்டும்.

கொட்டாது, சுடாது. ஆனால் வாயில் போடக் கூடாது. மின்மினிகள் பலவற்றின் உடம்பில் தேரையின் நஞ்சுக்கு உறவான கசப்புப் பொருள் இருக்கிறது. குடம்பி ஒளிர்வதும் அதற்காகத்தான்: ‘என்னைத் தின்னாதே’ என்று தவளைக்கும் பல்லிக்கும் சொல்கிறது. மகன் கையைக் கழுவினால் போதும்.

சரி, வெளிச்சம். பொட்டுக்குள் லூசிபெரின் என்ற பொருளும் லூசிபெரேஸ் என்ற நொதியமும் இருக்கின்றன. இரண்டும் ஒட்சிசனோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. ஆனால் அதைத் தொடக்கி வைக்க ஏ.ரி.பி. வேண்டும். நம் தசை அசைவதற்குச் செலவாகும் அதே சக்திப் பொருள்தான். இதை 1947 இல் காட்டியவர் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த வில்லியம் மெக்எல்ராய். ஆய்வுக்கு ஆயிரக்கணக்கில் மின்மினி தேவைப்பட்டதால், ஊர்ப் பிள்ளைகளிடம் 100 பூச்சிக்கு 25 சதம் கொடுத்து வாங்கினாராம். உங்கள் மகன் அங்கே பிறந்திருந்தால் பணக்காரனாகியிருப்பான்!

இந்த ஒளியில் சூடு இல்லை என்றே சொல்லலாம். அதற்காக ‘நூறு வீதமும் வெளிச்சமாகிறது’ என்று பரப்புவதை நம்பவேண்டாம். 2008 இல் ஜப்பானில் ஒரு மின்மினி இனத்தில் அளந்தபோது, 100 லூசிபெரின் மூலக்கூறுகளுக்குச் சுமார் 41 ஒளித்துகள்தான் கிடைத்தன. அதுவே பெரிய விஷயம். பழைய குண்டு பல்ப் தான் எடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வெளிச்சமாக்குவதில்லை.

நியூசிலாந்துக் குகைகளில் கூரை முழுக்க நீலமாக மின்னும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு பூச்சி, நுளம்புக்குத் தூரத்து உறவு. பசையுள்ள நூல்களைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தைக் காட்டிச் சின்னப் பூச்சிகளைப் பிடிக்கும்.

உங்கள் விருந்தாளிக்கு வேண்டியது நத்தை. இலையைப் போட்டு வளர்க்கலாம் என்று நினைத்தால் பட்டினியில் செத்துப்போகும். நத்தையைக் கடித்து ஒரு திரவத்தைச் செலுத்தும், சதை கூழாகும், அதை உறிஞ்சும். அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. வால் நுனியிலிருந்து விரல்கள் போன்ற குஞ்சம் ஒன்றை விரித்து, உடம்பில் ஒட்டிய நத்தைப் பசையைத் தடவித் துடைத்துக்கொள்ளும். மரக்கறிச் செடியை ஓரிரவில் மொட்டையாக்கும் ஆபிரிக்கப் பெருநத்தையைக்கூட லாம்ப்ரிஜெரா குடம்பி விடாது.

ஆகவே இன்றிரவே, எடுத்த இடத்திலேயே விடுங்கள். விடும்வரை போத்தலில் ஈர மண்ணும் இரண்டு உக்கிய இலையும் இருக்கட்டும். பின்வளவில் ஒரு மூலையையாவது கூட்டாமல் சருகோடு விட்டுவையுங்கள். நத்தைக்கென்று கடையில் விற்கும் நச்சுக் குருணையைத் தூவவேண்டாம், நத்தை செத்தால் இதற்குச் சாப்பாடு இல்லை. நுளம்புக்கு மருந்தடிக்கும்போதும் அந்த மூலையைத் தவிருங்கள்.

பின்பக்க லைற்றையும் வேலை முடிந்ததும் அணையுங்கள். வளர்ந்த மின்மினிகள் சோடி தேடுவது ஒளியை வைத்துத்தான். விடிய விடிய எரியும் பல்ப்புக்குக் கீழே ஆணின் கண்ணுக்குப் பெண் தெரியாது. மழை விட்ட இரவொன்றில் மகனோடு பத்து நிமிடம் இருட்டில் சும்மா நில்லுங்கள். கண் பழகியபின் பூச்சாடிப் பக்கம் பாருங்கள். டோர்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பிடியுங்கள்.