வாலட் ஆப்பும் பேட்டரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரவில் போனை அணைத்துவிட்டால், அந்த நேரத்தில் எனக்கு அனுப்பப்படும் பிட்காயின் வராமல் போய்விடுமா? பயத்தில் டேட்டாவை விடிய விடிய ஆனிலேயே வைத்திருக்கிறேன்.

வந்து சேரும். டேட்டாவை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். பணம் உங்கள் போனில் இல்லை. அதைச் செலவழிக்கும் சாவி மட்டுமே அங்கே இருக்கிறது. உங்கள் முகவரிக்கு வந்த தொகை உலகெங்கும் ஓடும் ஆயிரக்கணக்கான நோடுகளில் (பிட்காயின் கணக்கேட்டைச் சரிபார்த்து வைத்திருக்கும் கணினிகளில்) பதிவாகிவிடும். ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் ஆப் விட்ட இடத்திலிருந்து தேடி எடுத்துக் காட்டும். லைட்னிங் (பிட்காயினை வேகமாக அனுப்ப அதன் மேல் அமைத்த வலைப்பின்னல்) வாலட் மட்டும் விதிவிலக்கு. அதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: பிட்காயின் பிளாக்செயின் 600 ஜிபியைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். என் போனில் மொத்தமே 64 ஜிபிதான். வாலட் எதை வைத்துக் கணக்குப் பார்க்கிறது?

உங்கள் பேட்டரியும் அந்தரங்கமும் இந்த ஒரு விஷயத்தில்தான் பின்னிக் கிடக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சடோஷி நாகமோட்டோ 2008-ல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதற்கு வழி இருக்கிறது. முழு பிளாக் (பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு) வேண்டாம், அதன் தலைப்பு (ஹெடர்) மட்டும் போதும். ஒரு தலைப்பு 80 பைட். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று, நாளைக்கு 144. வருடம் முழுவதற்கும் சேர்த்தாலும் 4.2 எம்பிதான். உங்கள் பரிவர்த்தனை ஒரு பிளாக்கில் இருக்கிறது என்பதற்கு நோடு ஒரு சிறு சான்று தரும்; போன் அதைத் தலைப்போடு பொருத்திச் சரிபார்த்துக்கொள்ளும்.

ஆனால் அந்தச் சான்றை வாங்க, எந்த முகவரிகள் உங்களுடையவை என்று நோடிடம் சொல்லியாக வேண்டும். 2012-ல் வந்த புளூம் ஃபில்டர் முறை முகவரிகளைக் கொஞ்சம் மங்கலாக்கிக் கேட்டது. அந்த மறைப்பு போதவில்லை என்று பின்னால் தெரியவந்தது; நோடுகளுக்கும் அது வீண் சுமை. நோடுகளில் ஓடும் மென்பொருளான பிட்காயின் கோரின் 0.19 பதிப்பு, 2019-ல், அந்தச் சேவையை அணைத்த நிலையிலேயே வெளிவந்தது.

இப்போது பரவலாக இருப்பது எலக்ட்ரம் பாணி. எலக்ட்ரம், புளூவாலட் போன்றவை ஒரு சர்வரிடம் நேரடியாகக் கேட்டுவிடும். சில கிலோபைட்டில் வேலை முடிந்தது, பேட்டரிக்கு இதைவிட இதமான வழி இல்லை. ஆனால் உங்கள் முகவரிகள் அத்தனையும் ஒரே ஆளுடையவை என்பதும், கேட்டவரின் ஐபி முகவரியும் அந்த சர்வருக்குத் தெரிந்துவிடும். இன்னொரு வழி நியூட்ரினோ. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சுருக்கப் பட்டியலை போனே இறக்கி, தன் முகவரி அதில் பொருந்துகிறதா என்று தானே பார்க்கும். பொருந்தினால் முழு பிளாக்கையும் இறக்கும். உங்கள் முகவரி யாருக்கும் போவதில்லை. அதற்கு நாளொன்றுக்குச் சில எம்பி டேட்டாவும் கூடுதல் பேட்டரியும் செலவாகும்.

பேட்டரியைக் குறைவாகச் செலவழிக்கும் வாலட் என்றால், அதன் வேலையை வேறு யாரோ செய்கிறார்கள் என்று பொருள். அது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் சொந்த நோடு வைத்து, போனை அதனுடன் மட்டும் இணைப்பதுதான் என் பரிந்துரை. பேட்டரியும் மிச்சம், அந்தரங்கமும் பத்திரம்.

கேள்வி: ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்ப்பதோடு சரி. ஆனாலும் பேட்டரிப் பட்டியலில் மேலே நிற்கிறது. கையெழுத்திடும் கணக்குகள்தான் காரணமா?

இல்லை. ஒரு பரிவர்த்தனையில் கையெழுத்திட போனுக்குச் சில மில்லிநொடிகளே ஆகும். செலவு ரேடியோவில். மொபைல் டேட்டாவில் நூறு பைட் அனுப்பினாலும், அனுப்பி முடித்த பின் ரேடியோ உடனே தூங்காது. சுமார் பத்து நொடி விழித்தே இருக்கும். விலையைப் பத்து நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஆப்பில் ரேடியோவுக்கு ஓய்வே கிடையாது. விலைப் பட்டையையும் முகப்புத் திரை விட்ஜெட்டையும் அணைத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சிக்னல் பலவீனமான இடத்தில் ரேடியோ இன்னும் அதிகச் சக்தியில் கத்த வேண்டியிருக்கும். அதனால் பழைய வாலட்டை மீட்டெடுப்பது போன்ற பெரிய வேலைகளை வைஃபையில் செய்யுங்கள்.

கேள்வி: "பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கு" என்று ஆப் கேட்கிறது. அனுமதிக்கலாமா?

சாதாரண பிட்காயின், எத்தீரியம் வாலட் என்றால் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 6 முதல், அதாவது 2015 முதல், டோஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, போன் அசையாமல் கிடந்தால் ஆப்களின் இணையத் தொடர்பைத் துண்டித்து, இடையிடையே கொஞ்ச நேரம் மட்டும் திறந்துவிடும். பணம் வந்த செய்தி தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான் இழப்பு.

சாவியை நீங்களே வைத்திருக்கும் லைட்னிங் வாலட்டில் கதை வேறு. அங்கே பணம் பெறவே உங்கள் போன் விழித்திருந்து கையெழுத்திட வேண்டும். ஃபீனிக்ஸ் போன்றவை இதற்காக புஷ் நோட்டிஃபிகேஷன் அனுப்பி போனை எழுப்புகின்றன. ஐபோனில் அப்படி எழுந்த ஆப்புக்குக் கிடைப்பது சுமார் 30 நொடி. அதற்குள் சர்வரோடு இணைந்து வேலையை முடிக்க வேண்டும். எனவே லைட்னிங் ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதியும் பின்னணி அனுமதியும் கொடுங்கள். மாதக்கணக்கில் திறக்காமலும் விடாதீர்கள். லைட்னிங்கில் உங்கள் பணம் இன்னொரு தரப்போடு திறந்த சேனல் என்ற கூட்டுக் கணக்கில் இருக்கிறது; அந்த எதிர்த்தரப்பு பழைய கணக்கைக் காட்டி சேனலை மூடினால், ஆட்சேபிக்க உங்களுக்கு இருப்பது சேனலைப் பொறுத்து ஒரு நாள் முதல் இரண்டு வாரம் வரைதான். நீண்ட பயணம் போகிறவர்கள், உங்களுக்குப் பதிலாகச் சேனலைக் கண்காணிக்கும் வாட்ச்டவர் வசதி உள்ள வாலட்டைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பணம் அனுப்பும்போது வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறியது. "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று வந்தது. மறுபடி அனுப்பலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வைஃபையிலிருந்து வெளியே வந்ததும் போனின் ஐபி மாறி, பழைய இணைப்பு அறுந்துவிடும். ஆனால் அறுவதற்கு முன்பே பரிவர்த்தனை சர்வரைச் சேர்ந்திருக்கலாம். பதில் மட்டும் உங்களுக்கு வராமல் போயிருக்கலாம். நீங்கள் மீண்டும் அனுப்பும்போது ஆப் வேறு காசுகளை எடுத்துப் புதிய பரிவர்த்தனை செய்தால் இரண்டுமே செல்லுபடியாகும், இரண்டு முறை பணம் போய்விடும். ஆப்பை மூடித் திறந்து, சிங்க் (கணக்கை வலைப்பின்னலோடு ஒத்துப்பார்ப்பது) முடியும்வரை காத்திருங்கள். பெறுபவரின் முகவரியை பிளாக் எக்ஸ்ப்ளோரரிலும் (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் இணையதளம்) பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எந்த ஆப்பும் திறக்காமலே போன் சுடுகிறது. வாலட்தான் காரணமா?

மொனேரோ (பரிவர்த்தனை விவரங்களை மறைக்கும் கிரிப்டோ நாணயம்) வாலட் பின்னணியில் சிங்க் ஆகிறதா என்று முதலில் பாருங்கள். வரும் ஒவ்வொரு பரிவர்த்தனையும் தன்னுடையதா என்று அது கணக்குப் போட்டுப் பார்க்கும், போன் சுடத்தான் செய்யும். மீட்டெடுக்கும்போது வாலட் தொடங்கிய பிளாக் எண்ணைக் கொடுத்தால் பழைய பிளாக்குகளைத் தேடும் வேலை மிச்சம்.

மொனேரோவே இல்லை என்றால், திருட்டுத்தனமாக மைனிங் செய்யும் (உங்கள் போனின் சக்தியில் வேறு யாருக்கோ கிரிப்டோ ஈட்டும்) நிரல் போனில் நுழைந்திருக்க வாய்ப்புண்டு. 2017-ல் காஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள் லோப்பி என்ற தீநிரலைச் சோதித்தபோது இரண்டே நாளில் போனின் பேட்டரி வீங்கிவிட்டது. அந்தச் சந்தேகம் வந்த போனில் சீட் சொற்களை (வாலட்டை மீட்டெடுக்கும் ரகசியச் சொற்களை) தட்டச்சு செய்யவே செய்யாதீர்கள். வேறொரு சுத்தமான போனில் புதிய சீட்டுடன் புதிய வாலட் தொடங்கி, பணத்தை முதலில் அங்கே மாற்றுங்கள். ஃபேக்டரி ரீசெட் அதற்குப் பிறகு.