வாய்ஸ்ல 'பாடி'யே இல்லையா? ஸ்பீக்கர் கேள்வி பதில்

ஹை-எண்ட் ஸ்பீக்கர் பத்தி வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே குறைதான், மிட்ரேஞ்ச், அதாவது குரல் இருக்கற நடுப்பகுதி, மெலிசா இருக்குன்னு, அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி: சார், கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா வாங்கியிருக்கேன். 14க்கு 12 அடி ரூம், டைல்ஸ் தரை. 24 இஞ்ச் ஸ்டாண்ட், கோன்ல இருந்து அளந்தா பின் சுவர் ரெண்டரை அடி, சைடு சுவரும் ரெண்டரை அடி. கடையில கேட்டப்ப ஆம்பளைக் குரல் கணீர்னு இருந்துச்சு, வீட்ல நெஞ்சுல இருந்து வராம தொண்டையில இருந்து மட்டும் வர மாதிரி இருக்கு. ஸ்பீக்கரை மாத்திடவா?

பதில்: மாத்தாதீங்க, அந்த ஸ்பீக்கர் மேல தப்பே இல்ல. குரலுக்கு 'பாடி', அதாவது கனம், குடுக்கறது சுமாரா 100ல இருந்து 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பகுதி, ஆம்பளைங்க பேசும்போது அடிப்படை சுருதியே 85ல இருந்து 180க்குள்ளதான் இருக்கும். சுவர்ல பட்டுத் திரும்பி வர சத்தம் கோன்ல இருந்து நேரா வர சத்தத்தோட எதிர் ஃபேஸ்ல, அதாவது ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கற மாதிரி, சேரும்போது ஒண்ணை ஒண்ணு அமுக்கிடும், அந்த இடத்துல சத்தம் கொறைஞ்சு ஒரு குழி விழும், அது எந்த ஹெர்ட்ஸ்ல நடக்கும்னு பாக்க 344ஐ, அதாவது ஒரு செகண்ட்ல ஒலி போற மீட்டரை, சுவர் தூரத்தோட நாலு மடங்கால வகுங்க. ரெண்டரை அடின்னா முக்கால் மீட்டர், விடை 115 ஹெர்ட்ஸ் கிட்ட. இப்ப உங்க ஸ்டாண்டைப் பாருங்க, 24 இஞ்ச், அது மேல ஒரு அடி உயரப் பெட்டி, டிரைவர், அதாவது அந்த கோன், நடுவுல இருக்கு, அப்போ தரையில இருந்து 30 இஞ்ச், அதுவும் அதே ரெண்டரை அடிதான்! தரை, பின் சுவர், சைடு சுவர் மூணும் சேர்ந்து ஒரே இடத்துல குழி தோண்டுது, அதுவும் சரியா குரல் இருக்கற இடத்துல.

பெட்டியை 14 அடி சுவர் பக்கம் வைங்க, பின் சுவர் ஒன்றரை அடி, சைடு மூணரை அடி. குழி ஏறக்குறைய 187, 115, 80ன்னு பிரிஞ்சு போயிடும், ஒவ்வொண்ணும் ஆழம் கொறைஞ்சிடும். பாஸ் ரொம்ப குமுறுச்சுன்னா ரெண்டு மூணு இஞ்ச் முன்னாடி இழுங்க. மூணு தூரமும் ஒண்ணுபோல வரக்கூடாது, அதுதான் முக்கியம்.

கேள்வி: அண்ணா, இதுக்கு ஈக்யூ (சத்தத்தை ஹெர்ட்ஸ் வாரியா ஏத்தி இறக்கற ஈக்வலைசர்) போட்டா போதாதா? பாஸுக்குன்னே தனியா ஒரு சப்வூஃபர் சேத்தா?

பதில்: அந்த மாதிரி குழியில ஈக்யூ ஏத்துனா திரும்பி வர சத்தமும் சேர்ந்தே ஏறும், குழி குழியாவே இருக்கும், ஆம்ப்தான் (ஆம்ப்ளிஃபையர்) வீணா திணறும். மேடா இருக்கற இடத்தை ஈக்யூ வெச்சு இறக்கலாம், அது நல்லா வேலை செய்யும். யூமிக்-1 மைக்கும் இலவசமா கிடைக்கற ரூம் ஈக்யூ விசார்ட் சாஃப்ட்வேரும் இருந்தா உங்க ரூமை நீங்களே அளந்துடலாம். சப்வூஃபரை வழக்கமா 80 ஹெர்ட்ஸ்ல வெட்டுவோம், அதுக்கு மேல அது வாசிக்காது, 115ல இருக்கற குறைக்கு அது பெருசா உதவாது.

கேள்வி: ஹார்பெத் பி3ஈஎஸ்ஆர், எல்எஸ்50 மெட்டா ரெண்டையும் மாத்தி மாத்தி கேட்டேன், கேஇஎஃப்தான் தெளிவா இருந்துச்சு, ஆனா எல்லாரும் குரலுக்கு ஹார்பெத்ன்றாங்களே?

பதில்: வால்யூமைத் தொடாம மாத்துனீங்களா? ஒரே அளவு சிக்னல் குடுத்தா எல்எஸ்50 மெட்டா 85 டெசிபல் சத்தம் போடும், ஹார்பெத் 83 சொச்சம். சத்தம் கொஞ்சம் கூட இருக்கறதை நம்ம காது 'தெளிவு'ன்னு எடுத்துக்கும், அதனால அந்த ஒப்பீடு செல்லாது. பிங்க் நாய்ஸ், அதாவது எல்லா சுருதியும் கலந்த 'ஷ்ஷ்' சத்தம், ஓடவிட்டு, டெசிபல் காட்டற ஆப்போட போனை உக்கார்ற இடத்துல வெச்சு, ரெண்டையும் அரை டெசிபலுக்குள்ள கொண்டு வந்துட்டு அப்புறம் கேளுங்க. ஒரே ஒரு பெட்டி, மோனோ, பாட்டு வேண்டாம், யாராவது பேசறதைக் கேளுங்க. ரெண்டு கம்பெனிக்கும் வேர் பிபிசிதான், ஹார்பெத்தை 1977ல ஆரம்பிச்ச டட்லி ஹார்வுட் பிபிசி இன்ஜினியர், எல்எஸ்50யும் பிபிசியோட பழைய எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரை மனசுல வெச்சு 2012ல வந்ததுதான். பேச்சுக்குரல் இயல்பா இருக்கான்னு பாக்கறது அவங்க வழி, எனக்கு அதைவிட நல்ல பரிட்சை தெரியாது. என் ஓட்டு, ராத்திரியெல்லாம் வாய்ப்பாட்டு கேக்கறவங்களுக்கு ஹார்பெத், எல்லா வகையும் கேக்கறவங்களுக்கு கேஇஎஃப்.

கேள்வி: கேபிள் மாத்துனா மிட்ஸ் தடிக்குமா சார்?

பதில்: தடிக்காது. ஆனா கேபிளை ஒரு தடவை செக் பண்ணுங்க, ஒரு பக்கம் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தா பாஸ் காணாமப் போகும், குரல் நடுவுல நிக்காம ரூம் முழுக்க சிதறும். பின்னாடி ரெண்டு ஜோடி டெர்மினல் இருக்கற பைவயர் பெட்டின்னா அதுங்களை இணைக்கற ஜம்பர் தகடு லூசா இருக்கான்னும் பாத்துடுங்க.

கேள்வி: சுவர் முழுக்க ஒரு இஞ்ச் ஃபோம் ஒட்டிட்டேன், எக்கோ போயிடுச்சு, ஆனா குரல் இன்னும் ஒல்லிதான்.

பதில்: ஒரு இஞ்ச் ஃபோம் உச்சஸ்தாயியை மட்டும்தான் குடிக்கும், 100, 200 ஹெர்ட்ஸுக்கு அது அங்க இருக்கறதே தெரியாது. பாதியைப் பிரிச்சுடுங்க, முன்னாடி தரையில தடிமனான கார்ப்பெட் ஒண்ணு, பின்னாடி புத்தகம் நிறைஞ்ச அலமாரி, அப்புறம் முதல் கேள்விக்கு சொன்ன மாதிரி டேப் எடுத்து அளங்க.

கேள்வி: பகல்ல நல்லா இருக்கு, ராத்திரி கொழந்தை தூங்கும்போது மெதுவா வெச்சா மட்டும் சவசவன்னு இருக்கு.

பதில்: அது காதோட இயல்பு. சத்தம் கொறைஞ்சா கீழ்சுருதி நமக்கு இன்னும் கொறைவா கேக்கும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே அளந்து காட்டிட்டாங்க. ஆம்ப்ல லவுட்னஸ், அதாவது மெதுவா வெக்கும்போது பாஸைத் தூக்கிக் குடுக்கற வசதி, இருந்தா தயங்காம போடுங்க, யமஹா ஏ-எஸ்501 மாதிரி ஆம்ப்ல அதை வேணுங்கற அளவுக்குத் திருப்பிக்கலாம். இல்லன்னா ராத்திரிக்கு மட்டும் பாஸ் நாபை கொஞ்சம் ஏத்திக்குங்க.